எந்தக் கரைக்கு அனுப்பினீர்கள்?

எங்கள் பிரதேச செயலகக் கூட்டங்களில் யாராவது ஒரு பிரச்சினை "சுமுகமாகத் தீர்க்கப்பட்டது" என்று வாசித்தால், நாங்கள் எல்லோரும் சுவரோரக் கதிரையைத் திரும்பிப் பார்ப்போம். அதில் அவர் இருப்பார். கையை உயர்த்தமாட்டார், எழும்பமாட்டார். "பிறகு?" என்று மட்டும் கேட்பார். வாசித்தவர் தாளைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

அதனால் அலுவலகத்தில் அவருக்குப் "பிறகு மிஸ்" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான் என்று ஒரு கதை உலாவியது. நான் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. அவர் சிறுவர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். நான் கலாசார உத்தியோகத்தர். இடம் போதாததால் எங்கள் இருவரையும் ஒரே அறைக்குள் தள்ளியிருந்தார்கள். என் பக்கத்தில் கூத்து உடுப்புகள், பரிசுக் கேடயங்கள், போன வருடத்துக் கவிதைப் போட்டியில் பரிசு வாங்க வராதவர்களின் சான்றிதழ்கள். அவர் பக்கத்தில் ஒரு பாயும் ஒரு பெட்டி கலர்ப் பென்சிலும்.

பிள்ளை ஒன்று வந்தால் நான் வெளியே போகவேண்டும். கூட்டிவந்த தாய் தகப்பனும் போகவேண்டும். "உங்கட கதையை ஆறுதலாக் கேக்கிறன். இப்ப பிள்ளையின்ர முறை" என்று கதவைச் சாத்திவிடுவார். நானும் பெற்றோரும் வேப்பமரத்தடியில் நின்று மழை பெய்யுமா, நெல்லுக்கு என்ன விலை என்று கதைத்துக்கொண்டிருப்போம். உள்ளே பிள்ளை என்ன சொன்னது என்பது ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "பிள்ளை சொன்னது பிள்ளையின்ர அண்ணை. என்னட்டத் தந்து வைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

இனிமையானவர் என்று அவரைச் சொல்லமுடியாது. வெடுக்கென்று பேசுவார். கொஞ்சம் சிரித்தால் நல்லாயிருக்கும் என்று எங்கள் கணக்காளர் ஒருமுறை சொல்லப்போய், "சிரிக்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்கோ, சிரிக்கிறன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். வீடு வீடாகப் போகும்போது அவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்துப் பார்ப்பார்கள். கை நனைத்த வீட்டில் பிழை பேசமாட்டார் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அவர் வடையைச் சாப்பிட்டு, தேத்தண்ணியை மண்டி தெரியக் குடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி. பிறகு?" என்பார்.

உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து ஒரு பிள்ளை நின்றுவிட்டது. அதிபர் எனக்குத் தெரிந்தவர், நல்ல மனிசன், கையில் பிரம்பு இல்லாவிட்டால் நடக்கத் தெரியாதவர். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்து, மாலை போட்டு, படமும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். இவர் ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். அதிபருக்குக் கோபம். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்டார்.

"ஓம் ஐயா. மாட்டைப் பற்றித்தானே சொல்லியிருக்கினம்" என்றார் இவர்.

அதிபர் என்னிடம் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோது எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பார்த்ததால்தான், மாலை போட்டுச் சேர்த்த பிள்ளை கடைசி வரிசையில் கொப்பியும் இல்லாமல் இருத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. சேர்த்தாகிவிட்டது, அது உண்மை. சேர்த்த பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இதைக் கேட்டு, அவர் எப்போதும் அடுத்தவரைத்தான் குடைவார் என்று நினைக்கவேண்டாம். அக்கராயனில் மனைவியை இழந்து மகளைத் தனியாக வளர்த்த ஒரு கமக்காரர் மேல் ஒரு முறைப்பாடு வந்தது. இவர் போனார், விசாரித்தார், பிள்ளையோடு தனியாகக் கதைத்தார். ஒரு பிழையும் இல்லை. வயல் வாய்க்காலில் யார் முதலில் தண்ணி திறப்பது என்ற தகராறில் பக்கத்துக் காணிக்காரன் கட்டிவிட்ட கதை அது. மற்ற உத்தியோகத்தர்கள் என்றால் முறைப்பாட்டுக் கோப்பை மூடிவிட்டு வந்திருப்பார்கள். இவர் அடுத்த கிழமை கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குப் போய், அத்தனை பேருக்கும் முன்னால் அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்: "நான் உங்கட வீட்டுக்கு வந்ததை இவை எல்லாரும் கண்டவை. பிழையில்லை எண்டு நான் சொல்லுறதையும் இவை கேக்கவேணும். உங்களைக் கஷ்டப்படுத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அந்த மனிதர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இனி நாயாறு என்ற கரையோர ஊரின் கதைக்கு வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அங்கேதான் வந்து நிற்கவேண்டும்.

எட்டாம் ஆண்டு படித்த ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். இவர் புறப்பட்ட அன்று எனக்கும் அந்தக் கரையில் ஒரு கூத்துக் குழுவைப் பார்க்கும் வேலை இருந்தது. அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். மணல் பாதையில் அந்த ஸ்கூட்டி போன போக்கில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். அது கத்தோலிக்க ஊர் என்பதால் அந்தோனியாரையும் சேர்த்துக்கொண்டேன்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எங்களை அந்தோனியார் கோயில் முற்றத்தில் சந்தித்தார். ஊரே மதிக்கும் மனிதர். இவர் பிள்ளையின் பெயரைச் சொன்னதுமே அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. ஒளிக்கவில்லை. படகு எஞ்சின் திருத்துகிற ஒருவன் அந்தப் பிள்ளையிடம் நடக்கக்கூடாத மாதிரி நடந்திருக்கிறான். என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டேன். அது பிள்ளையினுடையது.

"நாங்கள் சும்மா விடேல்லை மிஸ்" என்றார் தலைவர். "கோயில் வாசல்ல முழங்காலில நிக்கவைச்சு, செய்தது பிழையெண்டு அவன்ர வாயால சொல்லவைச்சனாங்கள். இனி இந்தக் கரையில கால் வைக்கக்கூடாதெண்டு கலைச்சுப்போட்டம். கடலை நம்பிச் சீவிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்கோ?"

அது சின்னத் தண்டனை இல்லை. அந்தக் கரைகளில் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு வள்ளம் இறங்காது, ஒரு வலை காயாது. கரையை விட்டுக் கலைக்கப்பட்டவனோடு ஊரில் யாரும் தண்ணிகூடப் புழங்கமாட்டார்கள். பொலிஸ், கோடு, வழக்கு என்று அலையாமல், பிள்ளையின் பெயரும் வெளியே வராமல், சனமே ஒரு நீதி செய்திருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. இந்தக் கதை கோயில் வாசலைத் தாண்டாது என்று சங்கத்து ஆட்கள் சத்தியமும் பண்ணியிருந்தார்கள். எல்லாம் பிள்ளையின் நன்மைக்காகத்தான்.

இவர் முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"எந்தக் கரைக்கு அனுப்பினீங்கள்?"

தலைவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் மணலைப் பார்த்தார். தெற்கே வாடி போட்டிருக்கிற சொந்தக்காரரிடம் போனதாகக் கேள்வி என்று யாரோ சொன்னார்கள். வாடி என்றால் மீன் பருவத்துக்குக் கரையில் தென்னங்கிடுகால் போட்டுக் குடும்பத்தோடு தங்குகிற குடிசை. அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இவர் கேட்டார். இருக்கிறார்கள். அவன் ஏன் வந்திருக்கிறான் என்று அந்தத் தாய்மாருக்கு யாராவது சொன்னீர்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கதை வாசல் தாண்டாது என்றல்லவா சத்தியம்.

கூத்துக் குழுவை நான் அன்று பார்க்கவில்லை. பிள்ளையின் வீட்டில் தாயோடும், பிறகு பிள்ளையோடு தனியாகவும் அவர் கதைத்து முடித்ததும் நேரே அந்த மற்றக் கரைக்குப் போனோம். அவன் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தான். சுற்றிவர வாடிப் பிள்ளைகள். நல்ல பகிடிக்காரன் போலிருக்கிறது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஆணி கழற்றுகிற குறடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்கும் நேரம் நீட்டுவதற்காகக் காத்து நின்றது. எந்தக் கரைக்கும் எஞ்சின் திருத்துகிறவன் தேவை. எந்தக் கரையும் அவனைச் சந்தோசமாக வரவேற்கும். அதுவரை அது எனக்கு உறைக்கவில்லை.

இவர் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்களிடம் போய், ஒரு முறைப்பாடு இருக்கிறது, பிள்ளைகளை உங்களோடு வைத்திருங்கள் என்று மட்டும் சொன்னார். அங்கே நின்றபடியே பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவுக்குப் போன் எடுத்தார். அவர்கள் வந்து அவனைக் கூட்டிப்போகும் வரைக்கும் அந்தச் சுடுமணலை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு நாயாற்றில் அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று கேட்டார்கள். கடலில் எஞ்சின் நின்றுபோனால் மிஸ் வந்து திருத்துவாவோ என்றும் கேட்டார்கள். பகிடிக்குத்தான் கேட்டார்கள். இவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆள் பிடித்து, கிழமைக்கு ஒருக்கால் அந்தக் கரைக்கு எஞ்சின் பார்க்க ஒருவரை வரவைத்தார். ஆனாலும் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபர் திணைக்களத்தில் கிடந்து, மேல் நீதிமன்றத்துக்கு வந்து சேர வருடங்கள் போயின. பிள்ளை சாதாரண தரம் எழுதி, உயர்தர வகுப்புக்கும் போய்விட்டது. இவர் மாதம் ஒருமுறையாவது போவார். வழக்கைப் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டார். கணிதத்துக்கு எத்தனை புள்ளி, சைக்கிளுக்குப் பிரேக் பிடிக்கிறதா, இவைதான் கதை. ஒருமுறை பிள்ளை, "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு மிஸ்" என்று சொன்னதாகத் தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறக்கட்டும், நல்லது, கோட்டில் நினைவிருப்பதை மட்டும் சொன்னால் காணும் என்றாராம்.

வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தபோதே சட்டமும் மாறியது. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற சட்டத்தைப் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். குற்றம் செய்தவனுக்கு முகம் கொடுக்காமல் வேறோர் இடத்தில் இருந்து, கமரா வழியாகப் பிள்ளை சாட்சி சொல்லலாம். சாட்சியை மிரட்டினாலும், ஆசை காட்டி வாயை அடைத்தாலும், அதுவே தனிக் குற்றம். சட்டம் கொழும்பில் நிறைவேறுவது ஒன்று, நாயாற்றுக்கு வந்து சேருவது இன்னொன்று. சட்டம் அச்சாகிற வர்த்தமானியின் தமிழை வாசித்தால் தமிழ் படித்தவனுக்கே தலை சுற்றும். ஒரு நாள் அதை என் மேசையில் போட்டார்.

"கவிதைப் போட்டி நடத்திற ஆள்தானே. கரையில இருக்கிற ஆக்களுக்கு விளங்கிற தமிழில ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "மலரத் துடிக்கும் மொட்டுகளைக் கசக்கும் கரங்களுக்கு" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "மொட்டு இல்லை அண்ணை, பிள்ளை. கரம் இல்லை, ஆள்" என்று வெட்டினார். வெட்டி முடிந்தபோது நாலு வரிதான் மிஞ்சியது. நான் வாழ்க்கையில் எழுதியவற்றில் ஒழுங்காக நாலு பேருக்கு விளங்கியது அந்த நாலு வரிதான். சங்கக் கட்டடத்தின் கதவில் அவரே கொண்டுபோய் ஒட்டினார்.

வழக்குத் தவணை நெருங்கியது. படிப்பு முடிந்ததும் செய்யலாம் என்று பிள்ளைக்கு ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. உறவினர்கள் ஆடிப்போனார்கள். இத்தனை வருசத்துக்குப் பிறகு கோட்டுப் படி ஏறினால் யார் எடுப்பான் என்று தாய்க்கு ஓதினார்கள். கடைசியில் சங்கத் தலைவரே வீட்டுக்குப் போய், நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று புத்தி சொல்லியிருக்கிறார். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாய் போன் எடுத்து அழுதார்.

இவர் தலைவர் வீட்டுக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். சங்கக் கதவில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கிறதை வாசித்தீர்களா என்று கேட்டார். தலைவருக்கு முகம் சிவந்தது.

"என்னைப் பிடிச்சு உள்ள போடப்போறீங்களோ?"

"போடவேண்டி வந்தா உங்களுக்கு முதலே சொல்லுவன் ஐயா. இப்ப அதுக்கு வரேல்லை. கோட்டில உங்களையும் கூப்பிடுவினம். பொலிசுக்கு அவன் ஒப்புக்கொண்டது கோட்டில நிக்காது. உங்களுக்கு முன்னால கோயில் வாசல்ல சொன்னது நிக்கும். அதை நீங்கள் சொல்லவேணும்."

தலைவர் மறுத்தார். அந்தோனியாருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவன் நான், அதை எப்படி மீறுவேன் என்றார். அது நடிப்பு இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கடல் திருப்பித் தராது என்று நம்பி வாழ்ந்த மனிதர் அவர். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"அந்த மற்றக் கரையில... ஏதும் நடந்ததோ மிஸ்?"

இவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கரையில் ஒரு சின்னப் பிள்ளையோடு அவர் பலமுறை கதைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வேறொரு வழக்கு இலக்கம் இருப்பதும் தெரியும். அதைச் சொன்னால் தலைவர் அந்த நிமிடமே சம்மதித்திருப்பார். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் அவருடையது இல்லை. அவர் வாயை இறுக்கிக்கொண்டு தலைவரைப் பார்த்தபடி இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. தலைவருக்கு அது போதுமாக இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்திவிட்டார்.

தவணை அன்று தலைவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளை ஓர் அறைக்குள் இருந்து, கமராவைப் பார்த்து, நினைவிருந்ததைச் சொன்னது. அவனுடைய முகத்தைப் பார்க்கவேண்டி வரவில்லை. தலைவர் நேரே கூண்டில் ஏறிச் சொன்னார். வெளியே வந்தவரிடம், கேட்டதுக்கெல்லாம் சொன்னீர்களா என்று விசாரித்தேன்.

"கேக்காததையும் சொன்னன் தம்பி. அவனை அங்கால அனுப்பினது நான்தான் எண்டும் சொன்னன்."

தீர்ப்பு வந்தது. அவன் குற்றவாளி. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் முடிஞ்சுது அம்மா, இனி நிம்மதியாப் போங்கோ என்று நான் பெரிய மனிதனாகச் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"மற்றப் பிள்ளையின்ர வழக்கு எப்ப மிஸ்?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் அதைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு மூச்சும் விட்டதில்லை. கரைகளுக்கு இடையில் கதை எப்படிப் போகும் என்று கடலுக்குத்தான் தெரியும்.

"நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஒண்டும் சொல்லவும் மாட்டன். வெளியில சாட்சிகள் குந்தியிருக்கிற வாங்கில இருக்கிறன். நான் சாட்சி சொல்லப் போன அண்டைக்கு அந்த வாங்கில ஒருத்தரும் இருக்கேல்லை மிஸ்."

எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கும் அந்த மனிசி சாவி தேடுவதை விட்டுவிட்டார். கண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. அவர் அழுது நான் கண்டது அன்றுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அரச சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒன்றும் சொல்லமுடியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார், வழக்கமான வெடுக்கென்ற குரலில்.

கேட்டிருக்கிறார். அனுமதியும் கிடைத்திருக்கிறது. மற்ற வழக்கின் நாளன்று எனக்கு நீதிமன்றப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஒரு பொய்க் காரணம் சொல்லிவிட்டுப் போனேன். சாட்சி அறைக்கு வெளியே நீள வாங்கில் அந்தப் பெரிய பிள்ளை பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு இருந்தது. பக்கத்தில், இத்தனை வருடம் போயும் கால் நிலத்தில் எட்டாத ஒரு சின்னப் பிள்ளை. இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. சின்னது பெரியதின் பின்னலை விரலால் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் வாங்கை விட்டுக் குதித்து, திரும்பிப் பார்த்து, "போயிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

இவர் அங்கே இருந்து தள்ளி, வெயிலுக்குள் நின்றார். வாங்கில் தாராளமாக இடம் இருந்தது. நீங்களும் போய் இருக்கலாமே என்று நான் சொன்னேன்.

"இல்லை அண்ணை. அது அவையின்ர இடம்" என்றார்.